நாய் நாயாகத்தான் இருக்கும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நாயைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மேடையில் நாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக நன்றியைப் பற்றித்தான் பேசுவார்கள். தருமபுத்திரனோடு கடைசிவரை நடந்த நாயைச் சொல்வார்கள். பைரவருக்கு வாகனமாக நிற்கும் நாயைச் சொல்வார்கள். எசமானைக் காப்பாற்றப் பாம்போடு மல்லுக்கட்டிய ராஜபாளையத்து நாயைச் சொல்வார்கள். கேட்கிற நமக்கும் கண் கலங்கும். இன்று அந்தப் பேச்சு இல்லை. சம்பந்தி வந்து உட்கார்ந்ததும் அவர் வேட்டி மடிப்பில் மூக்கை நுழைத்த நாயைப் பற்றிப் பேசப்போகிறேன். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிய ஈரம் காயுமுன்னே செத்த பெருச்சாளியின் மேல் புரண்டுவிட்டு வந்த நாயைப் பற்றிப் பேசப்போகிறேன். பின்புறத்தைத் தரையில் தேய்த்தபடி கூடம் முழுக்க வலம் வந்த நாயைப் பற்றிப் பேசப்போகிறேன்.

ஏன் இந்தப் பேச்சு? காரணம் இருக்கிறது. கால்நடை மருத்துவர்களிடம் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் நோயோடு வருவதில்லை, வெட்கத்தோடு வருகிறார்கள். மேசைக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "டாக்டர், எப்படிச் சொல்றதுன்னே தெரியல, எங்க பையன் ஒரு மாதிரி பண்றான்" என்பார்கள். பையன் என்றால் நாய். "ஒரு மாதிரி" என்றால் என்ன என்று நான்தான் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மலம் தின்கிறானா? தலையணை மேல் ஏறுகிறானா? வந்தவர் காலைக் கட்டிக்கொள்கிறானா? ஆமாம் என்று தலையாட்டுவார்கள். இதெல்லாம் நாய்க்கு இயல்புதான் என்று சொன்னதும் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், பரீட்சை முடிவு பார்த்தவர் முகத்தில்கூட அது வராது.

இன்று நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நாய் ஏதோ செய்கிறது, உங்களுக்குக் குமட்டுகிறது. அந்த நேரத்தில் கையை ஓங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். இது ஆபத்தா? இது நோயா? அல்லது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதானா? அருவருப்பு நம்முடையது. நாய்க்கு அதில் பங்கு கிடையாது.

முதலில் மலத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன். சிற்றுண்டி முடிந்துவிட்டது என்று அமைப்பாளர்கள் சொன்ன தைரியத்தில்.

நம் முன்னோர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு எங்கே போகும் என்று பழமொழியே இருக்கிறது. முடிவை நீங்களே மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னவர் கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார், கவனிப்பில் குறை இல்லை. ஆனால் அதை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? திருந்தாத மனிதனைத் திட்டுவதற்கு. எவ்வளவு நல்ல இடத்தில் வைத்தாலும் போகாத ஈனபுத்தி என்று நாயின்மேல் தீர்ப்பு எழுதிவிட்டோம். அந்தத் தீர்ப்பை இன்று மேல்முறையீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

குட்டி போட்ட தாய் நாயைப் பார்த்திருக்கிறீர்களா? பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காது கேட்காது. தானாகச் சிறுநீர் கழிக்கவும் மலம் கழிக்கவும்கூட முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு அதற்குத் தெரியாது. தாய் வந்து வயிற்றையும் பின்புறத்தையும் நக்கிக்கொடுத்தால்தான் போகும். போனதை அந்தத் தாயே தின்றுவிடும். ஏன்? படுக்குமிடம் நாறினால் பகை விலங்குக்கு வழி தெரியும். ஈரம் கண்டால் குட்டிக்கு நோய் வரும். துடைப்பமும் கையும் இல்லாத தாய் வேறு எப்படி வீட்டைச் சுத்தம் செய்வாள்? நாய் உலகத்தில் மலம் தின்னும் முதல் வேலையைச் செய்கிறவள் தாய்தான். அதைத் தாய்மை என்போமா, ஈனபுத்தி என்போமா?

குட்டிகள் சரி, வளர்ந்த நாய் ஏன் தின்கிறது? கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் ஆயிரக்கணக்கான நாய் வளர்ப்போரிடம் விசாரித்து 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 16 நாய்கள் அடிக்கடி மலம் தின்பவை என்று கண்டார்கள். அதாவது உங்கள் வீட்டு நாய் தனி அதிசயம் இல்லை, அதே தெருவில் இன்னொன்றும் இருக்கிறது, அந்த வீட்டுக்காரர் வெளியே சொல்லவில்லை. தின்பவை பெரும்பாலும் பரபரவென்று சாப்பிடும் பேராசைக்கார நாய்கள். என்ன தீனி போடுகிறோம் என்பதற்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. சோறு போதாமல்தான் தின்கிறது, சத்துக் குறைவால்தான் தின்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருந்ததெல்லாம் அங்கே நிற்கவில்லை.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. தின்னும் நாய்கள் பெரும்பாலும் புதிய மலத்தைத்தான் தின்கின்றன, இரண்டு நாளுக்கு உட்பட்டதை. ஏன் இரண்டு நாள்? மலத்தோடு வெளியேறும் குடற்புழுக்களின் முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. அவை வளர்ந்து தொற்றும் நிலைக்கு வர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். நாயின் மூதாதையான ஓநாய், குகையை விட்டுத் தொலைவில் போய்த்தான் மலம் கழிக்கும். நோய்வாய்ப்பட்ட ஓநாய்க்கு அது முடியாது, வாசலிலேயே போய்விடும். முட்டை பொரிந்து புழு ஊர்வதற்குள் அதை யாராவது அப்புறப்படுத்த வேண்டும். கூட்டத்தில் ஒருவர் தின்றுவிட்டால் மற்றவர்கள் பிழைத்தார்கள். இது ஹார்ட் முன்வைக்கும் ஊகம். ஊகம்தான் என்றாலும், நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள், பொருந்தி வருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற அமெரிக்கத் தம்பதி 2001-இல் நாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். மனிதன் ஓநாய்க் குட்டியைப் பிடித்து வந்து பழக்கினான் என்ற கதையை அவர்கள் ஏற்கவில்லை. மனிதக் குடியிருப்பின் ஓரத்தில் கொட்டிய குப்பையையும் கழிவையும் தின்ன வந்த ஓநாய்களில், மனிதனைக் கண்டு அதிகம் மிரளாதவை அங்கேயே தங்கின, அவையே தலைமுறை தலைமுறையாக நாயாயின என்றார்கள். மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கொல்லைப்புறம் ஒதுங்கிய காலத்தை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். காலையில் அங்கே உங்களுக்கு முன்னால் யார் காத்திருந்தது? ஊரைச் சுத்தமாக வைத்திருந்ததில் அதற்குப் பங்கு இல்லையா? கூலியும் அதுவாகவே இருந்தது, வேலையும் அதுவாகவே இருந்தது.

சரி, என்ன செய்வது? மலம் தின்பதை நிறுத்துவதாகச் சொல்லி விற்கும் பொடிகளையும் மாத்திரைகளையும் அதே ஆய்வில் விசாரித்தார்கள். பலன் கிடைத்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேரைத் தாண்டவில்லை. ஆகவே காசை மிச்சம் பிடியுங்கள். நாய் போனவுடன் அள்ளிவிடுங்கள். வெளியே கூட்டிப்போகும்போது கயிற்றைக் கையில் வைத்திருங்கள். கூப்பிட்டால் விட்டுவிட்டு வரும்படி தின்பண்டம் காட்டிப் பழக்குங்கள். குடற்புழு மருந்தை மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் கொடுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் முகத்தை நக்க விடாதீர்கள். எப்போது கவலைப்பட வேண்டும்? இதுவரை தின்னாத நாய் திடீரென்று தொடங்கினால், தின்றும் தின்றும் இளைத்துக்கொண்டே போனால், மலம் கொழகொழவென்று எண்ணெய்ப் பசையோடு நிறையப் போனால். கணையத்தில் சுரக்க வேண்டியது சுரக்காவிட்டால் அப்படி ஆகும். அப்போது அழைத்து வாருங்கள். மற்றபடி அடிக்காதீர்கள். அடித்தால் விட்டுவிடும் என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் வருவதற்குள் விழுங்கிவிடக் கற்றுக்கொள்ளும்.

அடுத்து மூக்குக்கு வருவோம். சொல்லப்போனால் அங்கிருந்துதான் நான் தொடங்கியிருக்க வேண்டும்.

நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சுமார் 50 லட்சம். நாயின் மூக்கில், இனத்துக்கேற்ப, 12 கோடியிலிருந்து 30 கோடி வரை. அதுவும் போதாது என்று மேல்வாய்க்கு உள்ளே இன்னொரு உறுப்பு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் யாக்கோப்சன் அதை விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறோம். பிற விலங்குகளின் உடலிலிருந்து வரும் இரசாயனச் செய்திகளைப் படிப்பதற்கென்றே உள்ள உறுப்பு. அந்தச் செய்திகள் உடலில் எங்கே அதிகம்? நாயானால் ஆசனவாயின் இரு பக்கமும் இரண்டு சிறு பைகள் உண்டு, அங்கே. மனிதனானால் அக்குளிலும் தொடையிடுக்கிலும். நம் அக்குள் நாய்க்கு எட்டாது. எட்டுகிற உயரத்தில் இருப்பது எது என்று உங்களுக்கே தெரியும். சம்பந்தியை அது அவமதிக்கவில்லை ஐயா, அவர் யார் என்று விசாரித்திருக்கிறது! மாதவிலக்கான பெண்களையும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களையும் கூடுதலாக மோப்பம் பிடிப்பதும் இதனால்தான். விருந்தாளி நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி, கையைத் தாழ்வாக நீட்டினால், விசாரணை கையோடு முடிந்துவிடும்.

அந்த இரண்டு பைகளைச் சொன்னேன் அல்லவா, அவை அடைத்துக்கொண்டால்தான் தரையில் தேய்க்கிற ஊர்வலம். "பூச்சி கடிக்குது" என்று எல்லோரும் சொல்வார்கள். சில சமயம் உண்மை. நாடாப்புழுவின் துண்டுகள் அரிசி அரிசியாக ஒட்டியிருக்கும். பெரும்பாலும் பை அடைப்பு, அல்லது தோல் ஒவ்வாமையால் வரும் அரிப்பு. எப்போதாவது ஒரு முறை தேய்த்தால் விட்டுவிடலாம். திரும்பத் திரும்பத் தேய்த்தால், அங்கேயே நக்கிக்கொண்டிருந்தால், வீங்கியிருந்தால் காட்டுங்கள். பையைப் பிதுக்கிவிடுவது எங்கள் வேலைகளில் ஒன்று. அந்த வாசனைக்குப் பிறகு நான் எதற்கும் முகம் சுளிப்பதில்லை.

கார் சக்கரத்தில் காலைத் தூக்குவது? தேநீர்க் கடையில் ஒரே தினத்தாளை ஊரே பிரித்துப் படிப்பதுபோல, தெருமுனைக் கம்பமும் கார் சக்கரமும் நாய்களுக்குப் பொதுச் செய்தித்தாள். ஆணா பெண்ணா, பருவத்தில் இருக்கிறதா, எப்போது வந்து போனது, எல்லாம் அதில் உண்டு. உங்கள் கார் நாலு தெரு சுற்றி நாலு தெரு நாய்களின் செய்தியைச் சுமந்து வந்து நிற்கிறது. படித்தவர் பதில் எழுதாமல் போவாரா? இதில் ஒரு வேடிக்கை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெட்டி மக்வயரும் குழுவினரும் நாய்கள் காலைத் தூக்கும் கோணத்தை அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். சின்ன நாய்கள்தான், உடல் அளவை வைத்துப் பார்த்தால், காலை அதிகம் உயர்த்துகின்றன. உயரத்தில் எழுதினால் படிப்பவர் எழுதியவனைப் பெரிய ஆள் என்று நினைப்பார் அல்லவா? இந்தப் பழக்கம் நாய்க்கு மட்டும் உரியதா என்ற கேள்வியை இந்த அவைக்கே விட்டுவிடுகிறேன்.

இனி, அழுகலில் புரள்வது. குளிப்பாட்டி, துவட்டி, அப்படியே திரும்புவதற்குள் செத்த எலியைத் தேடிப்போய், தோளை முதலில் சாய்த்து, கழுத்தைத் தேய்த்து, முதுகைப் புரட்டி, பரம ஆனந்தமாக எழுந்து வரும். ஏன்? வேட்டைக்குப் போகும்போது தன் வாடையை மறைக்க என்பது பழைய விளக்கம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஓநாய்ப் பூங்காவில் கவனித்தவர்கள், புரண்ட ஓநாய் கூட்டத்துக்குத் திரும்பியதும் மற்ற ஓநாய்கள் அதை முகர்ந்து பார்ப்பதைக் கண்டு, "நான் எதைக் கண்டேன் தெரியுமா" என்று வீட்டாருக்குச் சேதி கொண்டுவருவதாகச் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் சாம்பல் நரிகள் பூமா விட்டுச்சென்ற வாடையில் கன்னத்தைத் தேய்த்துக்கொள்வது தானியங்கிக் கேமராவில் பதிவாயிற்று. பெரிய பூனையின் வாடை மேலே இருந்தால் மற்ற எதிரி கிட்டே வர யோசிக்கும் என்பது அதற்குச் சொன்ன விளக்கம். எது சரி என்று இன்னும் அறுதியாகவில்லை. ஒன்று மட்டும் தெளிவு. கூண்டில் வளர்ந்த ஓநாய்களிடம் சோதித்தபோது அவை அழுகலில் மட்டும் புரளவில்லை, வாசனைத் திரவியத்திலும் மோட்டார் எண்ணெயிலும்கூடப் புரண்டன. அவற்றுக்கு வேண்டியது நாற்றம் அல்ல, புதிய மணம்.

"சீச்சீ, செத்ததைப் போய் மேலே பூசிக்கொள்கிறதே" என்கிறீர்கள். புனுகு எங்கிருந்து வருகிறது? புனுகுப் பூனையின் பின்புறச் சுரப்பியிலிருந்து. திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிந்ததும் பெருமாளுக்கே அதைச் சாத்துகிறார்கள். கஸ்தூரி எங்கிருந்து வருகிறது? ஆண் கஸ்தூரி மானின் அடிவயிற்றுச் சுரப்பியிலிருந்து. நம் அரசர்கள் அதைக் குழைத்து மார்பில் பூசினார்கள், புலவர்கள் அந்த மணத்தைப் பாடினார்கள். விலங்கின் சுரப்பை எடுத்து நாம் பூசிக்கொண்டால் அது நறுமணம், நாய் பூசிக்கொண்டால் நாற்றமா? உங்கள் ரோஜா ஷாம்புவைப் பற்றி நாயிடம் கருத்துக் கேட்டால் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குளிப்பாட்டியவுடன் அது ஓடுவதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

புல் தின்பதையும் வாந்தியையும் விரைவாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். நாய் புல் தின்றால் வயிறு சரியில்லை, வாந்தி எடுக்கத்தான் தின்கிறது என்பது ஊர் நம்பிக்கை. அதே டேவிஸ் வளாகத்தில் 2008-இல் செய்த ஆய்வில் புல் தின்பதற்கு முன் நோய்க்குறி காட்டிய நாய்கள் நூற்றுக்கு எட்டு அளவில்தான். தின்றபின் வழக்கமாக வாந்தி எடுத்தவை நூற்றுக்கு 22. மற்றவை தின்றுவிட்டுத் தம் பாட்டுக்குப் போயின. வாந்தி எடுத்ததைத் திரும்பத் தின்பதும் இயல்பே. ஓநாய்த் தாய் வேட்டையில் உண்டதைக் கக்கித்தான் குட்டிகளுக்கு ஊட்டும். பூச்சிமருந்து தெளித்த புல்லா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது, அவையில் மாணவர்களை வைத்துக்கொண்டு பேசத் தயங்குகிற விஷயம். தயங்காமல் பேசுவோம், தெருவில் அவர்கள் பார்க்காததா?

நாய் விருந்தாளியின் காலைக் கட்டிக்கொண்டு ஏறுகிறது. வீட்டில் இருப்பவர்கள் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் அடிக்கப் பாய்கிறார்கள். இரண்டுமே அதை ஊக்குவிக்கும். இது எப்போதும் காமம் இல்லை. சில வாரக் குட்டிகளும் விளையாட்டில் ஏறும், பெண் நாயும் ஏறும், கருத்தடை செய்த நாயும் ஏறும். வீட்டுக்கு ஆள் வந்த பரபரப்பு, விளையாட்டின் உச்சம், என்ன செய்வதென்று தெரியாத தவிப்பு, எல்லாம் இப்படி வெளிப்படும். சத்தம் போடாமல் கூப்பிட்டு வேறு வேலை கொடுங்கள், உட்காரச் சொல்லுங்கள், பந்தைக் காட்டுங்கள். அடிக்கடி தன் உறுப்பையே நக்கிக்கொண்டு, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனால் மட்டும் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

ஆனால் தெருவில் நடக்கிறது பாருங்கள், அதைச் சொல்லத்தான் இங்கே நின்றேன். இரண்டு நாய்கள் இணைந்து, பின்னோடு பின் ஒட்டியபடி நிற்கும். உடனே ஒருவர் கல்லெடுப்பார், ஒருவர் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார், பொடிப் பையன்கள் குச்சியால் அடிப்பார்கள். அவை வெட்கமில்லாமல் நிற்கவில்லை. ஆண் நாயின் உறுப்பின் அடிப்பகுதி உள்ளே வீங்கிப் பூட்டிக்கொள்வது நாய் இனத்தின் உடலமைப்பு. வீக்கம் வடியும்வரை, பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம், அவற்றால் பிரிய முடியாது. விரட்டினால் இழுத்துக்கொண்டு ஓடும், இரண்டுக்கும் உள்ளே கிழியும். ஓட முடியாத உயிரைக் கல்லால் அடிப்பதில் என்ன ஒழுக்கம் இருக்கிறது? தெருவில் நாய் பெருகக் கூடாது என்றால் அதற்கு வழி கருத்தடை. அதற்குச் சட்ட விதிகள் 2001-இல் வந்தன, 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. கல்லெறிவதற்குப் பதிலாக உள்ளாட்சிக்கு ஒரு மனு எழுதுங்கள். மறுபடியும் எழுதுங்கள். ஒரு மனுவில் நடக்காது என்று எனக்கும் தெரியும்.

அவையோரே, இதுவரை சொன்னதெல்லாம் முகம் சுளிக்கும் விஷயம். இனிச் சொல்லப்போவது உயிர் போகும் விஷயம். உறுமல்.

சாப்பிடும்போது தட்டுக்கு அருகே போனால் நாய் உறுமுகிறது. வீட்டுக்காரருக்குக் கோபம் வருகிறது. "சோறு போடுறவன்கிட்டயே உறுமுறியா?" என்று ஓர் அடி. மறுநாள் தட்டைப் பிடுங்கிப் பார்க்கிறார். நாய் உறுமவில்லை. அடங்கிவிட்டது என்று மகிழ்கிறார். உண்மையில் நடந்தது என்ன? தட்டு பறிபோகும் என்ற அச்சம் போகவில்லை. எச்சரிக்கை மட்டும் போயிற்று. அப்புறம் ஒருநாள் வீட்டுப் பேரக்குழந்தை தட்டருகே தவழ்ந்து போகிறது, நாய் சத்தமில்லாமல் கடித்துவிடுகிறது. "ஒரு சத்தமும் போடாமல் திடீர்னு கடிச்சிருச்சு டாக்டர்" என்று ஓடி வருகிறார்கள். திடீரென்று இல்லை. அது முன்பே சொல்லிப் பார்த்தது, சொன்னதற்கு அடி வாங்கியது.

நாயிடம் கடி என்பது கடைசிப் பேச்சு. அதற்கு முன் எத்தனை பேசுகிறது! தலையைத் திருப்பிக்கொள்ளும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். உதட்டை நக்கும். கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். உடம்பு விறைத்து, அசையாமல் நிற்கும். அப்புறம் உறுமும். அப்புறம்தான் பல். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிக் கடிபட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். குரைத்த நாய்தான் கடித்தது. வாலாட்டுகிறதே என்று நம்பிப் போனவர்களும் உண்டு. தளர்ந்து அகலமாக ஆடும் வால் வேறு, விறைத்து உயர்ந்து துடிக்கும் வால் வேறு.

"விட்டுக்கொடுத்தால் தலைமேல் ஏறிவிடும், நாம்தான் ஆல்பா, அதாவது கூட்டத் தலைவன், என்று காட்ட வேண்டும்" என்று சில பயிற்சியாளர்கள் சொல்வார்கள். நாயை மல்லாக்கப் புரட்டி அமுக்கச் சொல்வார்கள். இந்தக் கொள்கையின் கதையைக் கேளுங்கள். 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்பவர், ஸ்விட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்துத் தலைமைக்கான போட்டி பற்றி எழுதினார். 1970-இல் டேவிட் மெக் தம் ஓநாய் நூலில் அதை ஏற்று எழுத, உலகமெங்கும் பரவிற்று. பிறகு அதே டேவிட் மெக் வட துருவத்துக்கு அருகே எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடை தோறும் கவனித்தார். கண்டது என்ன? கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். சண்டை போட்டுத் தலைமையைப் பிடித்தவர் யாருமில்லை. பெற்றவர்கள் வழிநடத்துகிறார்கள், அவ்வளவே. 1999-இல் ஆல்பா என்ற பேச்சைத் திருத்தி ஆய்வுக் கட்டுரை எழுதினார், தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் ஆண்டுக்கணக்காகக் கேட்டார். எழுதியவரே கைவிட்டதை நம் தெருப் பயிற்சியாளர் இன்னும் கைவிடவில்லை.

தட்டருகே உறுமும் நாயை என்ன செய்வது? பிடுங்காதீர்கள், கொடுங்கள். அது உண்ணும்போது சற்றுத் தொலைவிலிருந்து ஒரு கறித்துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள். நாளாக நாளாக, ஆள் வந்தால் பறிபோகாது, கூடுதலாகத்தான் கிடைக்கும் என்று அதற்குப் புரியும். குழந்தைகளை உண்ணும் நாயிடமும் உறங்கும் நாயிடமும் விடவே விடாதீர்கள். எவ்வளவு சாதுவான நாயானாலும் சரி.

இன்னொன்று. செருப்பைக் கடித்துக் குதறிவிட்டு, நாம் வந்ததும் தலையைக் குனிந்து, காதைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்க்கும். "பாருங்க, தப்புப் பண்ணினது அதுக்கே தெரியுது" என்போம். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொன்ன பண்டத்தைத் தின்ற நாயும் தின்னாத நாயும், வீட்டுக்காரர் திட்டினால் ஒரே மாதிரிதான் அந்த முகத்தைக் காட்டின. அது குற்ற உணர்வு அல்ல, உங்கள் முகத்தைப் பார்த்த பயம். அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் குட்டி நாய் தரையோடு ஒட்டிச் சிறுநீர் விடுகிறதே, அதுவும் "அடிக்காதீர்கள், நான் சின்னவன்" என்ற பேச்சுத்தான். அதற்கு ஓர் அடி போட்டால் நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடும்.

தபால்காரரைப் பார்த்துக் குரைப்பது ஏன் நிற்பதே இல்லை தெரியுமா? குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். தினமும் வெற்றி! இப்போது உணவு கொண்டுவரும் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள், நாளுக்கு நாலு வெற்றி. இரவில் இருசக்கர வண்டியைத் துரத்தும் தெருநாய்க்கும் இதே கணக்குத்தான். வேகம் எடுத்தால் அது வென்றதாகிறது. மெல்ல நிறுத்தினால் பெரும்பாலான நாய்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது.

இவ்வளவையும் இயல்பு, இயல்பு என்று சொன்னேன். இயல்பு முடிகிற இடத்தையும் சொல்லாமல் இறங்கினால் நான் மருத்துவன் இல்லை. வெறிநோய் வந்த நாயில் மாறுவது நடத்தைதான். சாதுவான நாய் காரணமில்லாமல் பாயும், கண்டதையும் கடிக்கும், நிலைகொள்ளாமல் அலையும். அதைவிட ஏமாற்றுவது ஊமை வகை. மூலையில் ஒடுங்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வழியும், குரல் மாறும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று எண்ணி வாய்க்குள் கைவிடுவார்கள். விடாதீர்கள். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில். நோய்க்குறி வந்தபின் காப்பாற்ற வழி அநேகமாக இல்லை. வருமுன் தடுக்க வழி, லூயி பாஸ்டர் தடுப்பூசி போட்ட 1885-இலிருந்தே இருக்கிறது. நம் குன்னூரில் 1907-இலேயே அதற்கென்று பாஸ்டர் நிலையம் தொடங்கிவிட்டார்கள்.

கடித்தாலும், நகம் பட்டுக் கீறினாலும், உள்ளூர்க் குட்டி நாயானாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், காப்பித்தூள் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசி இலவசம். முதல் நாள் போட்டபின் 3-ஆம், 7-ஆம், 28-ஆம் நாட்களிலும் போட வேண்டும். காயத்தைப் பொறுத்து அதைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று பத்து நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனியுங்கள். உங்கள் வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள், அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சந்தேகம் இருப்பவர்கள் இங்கேயே எழுந்து கேட்கலாம். கூட்டம் முடிந்தபின் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கலாம் என்று சிலர் காத்திருப்பதும் எனக்குத் தெரிகிறது. அவர்களும் உரக்கவே கேளுங்கள், பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அதே சந்தேகம்தான்.